“சுத்தமாக வைத்திருந்தால் ஏன் வருகிறது?” – ஸ்கார்பரோ வாசகிக்கு ஒரு வழக்குரைஞரின் பதில்

திருச்சியிலிருந்து கணவருடனும் நான்கு வயது மகனுடனும் டொரான்டோவுக்கு வந்து எட்டு மாதமான ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஸ்கார்பரோவில் பதினான்கு மாடி அடுக்ககம் ஒன்றின் ஆறாவது தளத்தில், மார்ச் மாதத்திலிருந்து ஓராண்டு லீஸில் குடியிருக்கிறார்கள். ஏப்ரலில் ஓர் இரவு, பால் காய்ச்சுவதற்காக இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டபோது, மிக்ஸியின் அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கரப்பான்கள் நாலாபக்கமும் சிதறி ஓடியதைப் பார்த்திருக்கிறார். கட்டடக் கண்காணிப்பாளரிடம் நேரில் சொன்னதற்கு ஒரு ஸ்பிரே டப்பாவைக் கையில் கொடுத்து, “உங்கள் சமையல் அப்படி” என்று சொல்லியனுப்பிவிட்டாராம். ஆகஸ்டில், வீடு மாறிச் சென்ற ஒரு குடும்பம் கொடுத்த சோபாவை எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் இவர் உடம்பிலும் மகன் உடம்பிலும் வரிசையாகத் தடிப்புகள் தோன்றின; கணவருக்கு ஒரு தடிப்பும் இல்லை.

கணவர் இது மனப்பிரமை என்கிறார். மேலும், வேலை அனுமதியில் இருக்கும்போது புகார், வழக்கு என்று போனால் நிரந்தரக் குடியுரிமைக்கு இடைஞ்சலாகும் என்று அஞ்சுகிறார். ஊரிலிருந்து பேசும் மாமியார், “சுத்தமா வெச்சிருந்தா ஏன் வருது?” என்று கேட்கிறார். அதே தளத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், “வாடகையை நிப்பாட்டுங்கோ, அப்பதான் ஓடி வருவினம்” என்று யோசனை சொல்லியிருக்கிறார். சென்ற வாரம் அலுவலகத்தில் ‘என்11’ என்ற படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் லீஸ் முடிந்துவிடும், நிம்மதியாகப் போகலாம் என்றிருக்கிறார்கள். மகனின் பிறந்தநாளுக்குக்கூட யாரையும் வீட்டுக்கு அழைக்கவில்லை என்று எழுதும் வாசகி, நவம்பரில் தம் அம்மா வரப்போவதாகவும், அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றும் முடித்திருக்கிறார்.

சகோதரி, படிவத்தைப் பற்றி ஒரு வரி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிக்கும்வரை அதில் கையெழுத்திட வேண்டாம். உங்கள் கடிதத்தில் சட்டக் கேள்விகள் நான்கு இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது மாமியார் கேட்ட அந்த ஒரே கேள்விதான். அதற்கு நீங்களே “ஆமாம், என் தவறுதான்” என்று பதில் வைத்துக்கொண்டதால்தான் ஆறு மாதமாக ஒரு வரி கூட எழுத்தில் புகார் கொடுக்காமல் இருந்திருக்கிறீர்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இது நம் ஊர்க் கரப்பான் அல்ல

திருச்சியில் நீங்கள் பார்த்துப் பழகிய கரப்பான் பெரும்பாலும் சாக்கடையிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் வரும் பெரிய, செம்பழுப்பு நிறக் கரப்பான். செருப்பால் அடித்தால் கதை முடிந்தது. நீங்கள் வர்ணித்திருக்கும் சிறியது, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் கொண்டது, ‘ஜெர்மன் கரப்பான்’ எனப்படும் வேறு இனம். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. வெளியே பனி கொட்டும் நாட்டில், சூடேற்றிய கட்டடத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பெருகுவது. பெண் பூச்சி முப்பது நாற்பது முட்டைகள் அடங்கிய கூட்டைப் பொரியும் தறுவாய்வரை உடம்போடு சுமந்துகொண்டே திரியும். சுவருக்குள் ஓடும் குழாய்களின் வழியே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். நீங்கள் குடிவந்து ஒரே மாதத்தில், அதுவும் பத்துப் பன்னிரண்டாகக் கண்ணில் பட்டது என்றால், உங்களுக்கு முன்பே அவை அங்கே இருந்தன என்று கருதுவதே இயல்பு.

அவை மிக்ஸியின் அடியில் இருந்ததற்கும் உங்கள் சாம்பாருக்கும் சம்பந்தமில்லை. மோட்டாரின் இளஞ்சூடும், உள்ளே உள்ள இருட்டு இடுக்கும், எப்போதோ வழிந்த மாவின் ஒரு சொட்டு ஈரமும் அதற்குப் போதும். கிரைண்டர், குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கம், மைக்ரோவேவின் கடிகார முகப்பு ஆகியவையும் அதே காரணத்தால் அதற்குப் பிடித்த இடங்கள். இத்தாலியர் வீட்டிலும் பிலிப்பினோ வீட்டிலும் இதே இடங்களில்தான் இருக்கும்.

கண்காணிப்பாளர் கொடுத்த ஸ்பிரேயை ஆறு மாதமாக அடித்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள். அது கண்ணில் படுவதைக் கொல்லும். மற்றவற்றைச் சுவருக்குள் துரத்தும். தொழில்முறையாளர்கள் பயன்படுத்துவது பசை போன்ற இரை மருந்து. பருப்பளவு துளிகளாக இடுக்குகளில் வைப்பார்கள். அதைத் தின்ற பூச்சி கூட்டுக்குத் திரும்பிச் சாகும். அதன் எச்சத்தின் வழியாக மற்றவற்றையும் மருந்து எட்டும். மருந்து வைத்த இடத்தின் மேலேயே ஸ்பிரே அடித்தால் பூச்சி அந்த இரையை நெருங்காது. பணமும் உழைப்பும் வீண்.

உறவினர் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்த ‘லட்சுமண ரேகை’ என்ற பூச்சிக்கொல்லிச் சாக்பீஸைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஊரில் எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருப்பதால் அது நமக்கு விஷமாகத் தோன்றுவதில்லை. கனடாவில் பூச்சிக்கொல்லி எதுவானாலும் சுகாதாரத் துறையின் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும்; இந்தச் சாக்பீஸ்களுக்கு அந்தப் பதிவு இல்லை. அதைவிட முக்கியம், உங்கள் மகனுக்கு நான்கு வயது. எழுதும் சாக்பீஸையும் இதையும் வேறுபடுத்திப் பார்க்க அவனுக்குத் தெரியாது. போட்ட கோடுகளைக் கையுறை அணிந்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மீதித் துண்டுகளைக் குப்பையில் போடாமல், நகராட்சியின் அபாயக் கழிவுச் சேகரிப்பிடத்தில் கொடுங்கள். அவன் அதை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தால் 1-844-764-7669 என்ற நச்சு உதவி எண்ணை உடனே அழையுங்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ இருந்தால் 911.

கணவருக்கு ஏன் கடிக்கவில்லை?

கடித்திருக்கும். நீங்கள் சொல்லும் வரிசைத் தடிப்புகள் மூட்டைப்பூச்சிக் கடிபோல்தான் தெரிகின்றன. அந்தக் கடிக்குத் தோல் காட்டும் எதிர்வினை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே படுக்கையில் படுப்பவர்களில் ஒருவருக்குக் கொப்புளம் எழும்பும், மற்றவருக்கு அடையாளமே இருக்காது. ஆகவே தடிப்பை வைத்து வாதாடாதீர்கள். மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பாருங்கள். பேனா மையை ஒற்றி எடுத்ததுபோல் கரும்புள்ளிகளும், காகிதம்போல் மெல்லிய உரிந்த தோல்களும் இருந்தால் அவரிடம் காட்டிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் விவாதம் தேவைப்படாது.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக அறியப்படவில்லை என்பது ஓர் ஆறுதல். அது அழுக்கைத் தேடி வருவதும் இல்லை. நம் உடற்சூட்டையும் மூச்சுக்காற்றையும் தேடி வருகிறது. பளபளக்கும் ஓட்டல் அறைகளிலும் இருக்கிறது. ஊரில் கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு, கொதிநீர் ஊற்றி, சித்திரை வெயிலில் நாளெல்லாம் கிடத்தி அதைத் தீர்த்தோம். அந்தக் கட்டில் வைத்தியத்தில் இருந்த அறிவியல் சரியானதுதான்: ஐம்பது பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் பூச்சியும் முட்டையும் சாகும். இங்கே சித்திரை வெயிலின் வேலையைத் துணி உலர்த்தும் இயந்திரம் செய்யும். துணிகளை உச்சச் சூட்டில் குறைந்தது முப்பது நிமிடம் ஓடவிட்டு, எடுத்த கையோடு பிளாஸ்டிக் பைகளில் கட்டிவையுங்கள். பட்டுச்சேலைகளை அதில் போட முடியாது. அவற்றைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 பாகை உறுதியாக நிற்கும் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்தெடுக்கலாம். “குளிர்காலம் வருகிறதே, மெத்தையைப் பால்கனியில் போடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் தராது. பால்கனியின் குளிர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மெத்தையின் உட்பகுதி அவ்வளவு குளிர்வதும் இல்லை. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அடுக்ககத்தில் அது தீ விபத்துக்கு விடும் அழைப்பு.

இன்னொன்று, கேட்க எரிச்சலாக இருக்கும். மகனோடு கூடத்தில் படுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள், படுக்கையறைக்கே திரும்புங்கள். ஆள் எங்கே போகிறாரோ பூச்சியும் அங்கே குடிபோகும். ஓர் அறைச் சிக்கல் இரண்டு அறைச் சிக்கலாகும். மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போட்டு, கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, நான்கு கால்களுக்கு அடியிலும் பூச்சி பிடிக்கும் கிண்ணங்களை வையுங்கள். விரிப்பு தரையில் தொங்கக் கூடாது.

சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது?

ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, வீட்டைப் பழுதின்றியும் குடியிருக்கத் தக்கதாகவும், சுகாதார, பராமரிப்பு விதிகளுக்கு உட்பட்டும் வைத்திருக்கும் கடமையை உரிமையாளர்மீது சுமத்துகிறது. பூச்சித் தொல்லை இதற்குள் அடங்கும். வாடகைதாரரின் கடமை 33ஆவது பிரிவில் இருக்கிறது. அது கேட்பது சாதாரணத் தூய்மை, அவ்வளவே. மருந்தடிக்கும் செலவை உங்கள் தலையில் கட்ட வேண்டுமானால், நீங்கள் வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ இதை உண்டாக்கினீர்கள் என்று அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். “உங்கள் சமையல் அப்படி” என்பது மெய்ப்பு ஆகாது. மாறாக, பிறந்த நாட்டையும் இனத்தையும் வைத்துக் குடியிருப்பில் பாகுபாடு காட்டுவதை ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டம் தடை செய்வதால், அந்தப் பேச்சு சொன்னவருக்கே எதிராகத் திரும்பக்கூடியது. எந்த நாளில், யார் முன்னிலையில் சொன்னார் என்று குறித்து வையுங்கள்.

சோபா விஷயத்தில் உங்களுக்குச் சற்றுப் பலவீனம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். மூட்டைப்பூச்சி அதில் வந்திருக்கக்கூடும் என்று அவர்கள் வாதிடலாம். கேட்டால் பொய் சொல்லாதீர்கள். யார் கொண்டுவந்தது என்பதைக் காட்டிலும், தெரிந்தபின் உரிமையாளர் என்ன செய்தார், வாடகைதாரர் ஒத்துழைத்தாரா என்பதுதான் விசாரணையில் எடைபோடப்படும். கரப்பானுக்கும் அந்தச் சோபாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் ஒரே புகாராகக் குழைத்துவிடாமல் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

எழுதுவது என்றேன், அதுதான் இந்த வாரத்து வேலை. வாயால் சொன்ன புகாருக்குச் சாட்சி இல்லை. இன்றே நிர்வாக அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: வீட்டு எண், ஏப்ரலில் முதன்முதலாக எந்த நாளில் யாரிடம் சொன்னீர்கள், இப்போது எங்கெங்கே எது இருக்கிறது, நான்கு வயதுக் குழந்தை இருப்பது, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அனுப்ப வேண்டும் என்பது, உங்கள் வீட்டோடு மேல், கீழ், இரு பக்கத்து வீடுகளையும் பார்க்க வேண்டும் என்பது. கடையில் கிடைக்கும் ஒட்டு அட்டைகளை அடுப்படியில் வைத்து, வாரம் ஒருமுறை தேதியோடு படமெடுங்கள். நூறு வரி விவரிப்பைவிட, எண்ணிப் பார்க்கக்கூடிய அந்த அட்டை நன்றாகப் பேசும்.

மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களுக்கு டொரான்டோ நகராட்சி 2017 முதல் ‘ரென்ட்சேஃப்’ என்ற திட்டத்தை நடத்திவருகிறது. உங்கள் கட்டடம் அதற்குள் வரும். பூச்சி இருப்பதாகத் தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் உரிமையாளர் வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. வரவில்லையென்றால் நகராட்சியின் 311 எண்ணை அழையுங்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். நகராட்சி ஆய்வாளர் வருவார். அதன்பிறகும் அசையவில்லையென்றால், வாடகை வழக்குகளை விசாரிக்கும் உரிமையாளர்–வாடகைதாரர் வாரியத்தில் ‘டி6’ என்ற மனுப் படிவம். வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும், கெட்டுப்போன பொருளுக்கு ஈடு தரவும், மருந்தடிக்கவும், வேண்டுமானால் லீஸை முடிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். சிக்கல் நிகழ்ந்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால் அடுத்த ஏப்ரல்வரை இழுக்காதீர்கள். விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் அச்சம் எனக்குப் புரிகிறது. இந்த அலுவலகத்தில் நான் அடிக்கடி கேட்கும் அச்சம் அதுவே. வாடகை வாரியமும் குடிவரவுத் துறையும் வேறு வேறு. பூச்சிப் புகார் கொடுத்தவர் என்பது நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பத்தில் கேட்கப்படும் விஷயமே இல்லை. புகார் கொடுத்ததற்காக வெளியேற்ற முயன்றால், அந்தக் காரணத்தைக் கண்டறிந்து வாரியம் மறுக்க வேண்டும் என்று வாடகைச் சட்டத்தின் 83ஆவது பிரிவு சொல்கிறது.

வாடகையும் அந்தப் படிவமும்

யாழ்ப்பாணத்து அக்காவின் நல்ல மனதை மதிக்கிறேன். யோசனையை ஏற்க முடியாது. வாடகை நின்ற மறுநாளே, பாக்கியைக் கட்டச் சொல்லும் ‘என்4’ அறிவிப்பை அவர்கள் கொடுக்கலாம். அதில் குறித்த கெடுவுக்குள் கட்டவில்லையென்றால் வெளியேற்ற மனு. இன்றுவரை குறை சொல்லப்பட வேண்டியவர் உரிமையாளர். வாடகையை நிறுத்திய நாளில் நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்பீர்கள். முழுத் தொகையையும் குறித்த நாளில் கட்டிக்கொண்டே வழக்காடுங்கள்.

‘என்11’ என்பது இருதரப்பும் மனமொப்பி வாடகையை முடிக்கும் ஒப்பந்தம். அதில் கையெழுத்திட எந்த வாடகைதாரரையும் கட்டாயப்படுத்த முடியாது. கையெழுத்திட்டுவிட்டுக் குறித்த நாளில் காலி செய்யாவிட்டால், விசாரணையே இல்லாமல் வெளியேற்ற உத்தரவு வாங்க அவர்களால் முடியும். அதை எதிர்க்க உங்களுக்குக் கிடைப்பது பத்து நாள். உண்மையிலேயே வெளியேற விரும்பினால் அது ஒரு பேரமாக இருக்கட்டும்: வேறு வீடு கிடைத்தபின் நாள் குறியுங்கள், கடைசி மாத வாடகை முன்பணத்தின் கணக்கையும் ஈட்டையும் எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு வழி, லீஸை வேறொருவருக்கு மாற்றித்தர எழுத்தில் அனுமதி கேட்பது. மறுத்தாலோ ஏழு நாளில் பதில் வராவிட்டாலோ, கேட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள், முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்து விலகலாம். அனுமதி கிடைத்துவிட்டால், வருபவரிடம் பூச்சியைச் சொல்லாமல் மறைக்க வேண்டாம். நாளை இதே கடிதத்தை அவர் எழுதுவார்.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு இருந்து சரிசெய்துகொள்வதே மேல் என்பேன். மருந்தடிக்காமல் கிளம்பினால் மூட்டைப்பூச்சி உங்கள் பெட்டியிலேயே ஏறிப் புது வீட்டுக்கு வரும்.

மருந்தடிக்க வரும்போது உங்கள் பங்கு உண்டு. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் இடையில் வர வேண்டும் என்பது விதி. அவர்கள் தரும் தயாரிப்புத் தாளில் உள்ளதை ஒன்றுவிடாமல் செய்யுங்கள். “வீட்டைத் தயாராக வைக்கவில்லை” என்ற சாக்கில் திரும்பிப் போவதுதான் அதிகம் நடக்கிறது. ஆகவே காலி செய்த அலமாரிகளையும் படமெடுங்கள். ஒரு முறையில் தீராது. இரண்டாம், மூன்றாம் வருகைக்கும் தேதி கேளுங்கள். இடைப்பட்ட நாட்களில் அரிசி மூட்டையைப் பெரிய மூடிபோட்ட டப்பாவுக்கு மாற்றுங்கள், மளிகைக்கடை அட்டைப்பெட்டிகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள், சாமி அலமாரியில் கற்கண்டையும் பழத்தையும் இரவில் விட்டுவைக்காதீர்கள். விளக்கின் எண்ணெய் சிந்திய தாம்பாளத்தையும் கழுவிவிட்டுப் படுங்கள்.

ஆவணங்களோடு நேரில் பேச விரும்பினால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணமில்லாமல் உதவும் சட்ட உதவி மையங்கள் ஸ்கார்பரோவிலேயே உண்டு. தெற்காசியருக்கென்று இயங்கும் மையமும் டொரான்டோவில் உண்டு.

கடைசியாக அம்மாவின் வருகை. பயணச்சீட்டைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் வந்து இறங்கியபின் தெரிந்துகொள்ளும்படி விடாமல், முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கயிற்றுக் கட்டிலுக்குக் கொதிநீர் ஊற்றிய தலைமுறை அது, நீங்கள் நினைப்பதுபோல் அதிர்ந்துவிடாது. அவர் வந்த அன்று பெட்டிகளைப் படுக்கையின் மேலோ கம்பளத்தின் மேலோ வைக்காமல் குளியல் தொட்டிக்குள் வையுங்கள். வழவழப்பான அந்தச் சுவரில் மூட்டைப்பூச்சியால் ஏற முடியாது. மாற்றுத்துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியை ஜிப் போட்டு மூடியே வைத்திருங்கள். திரும்பும்போது திருச்சிக்குப் பூச்சி போகாமலிருக்கவும் அதுவே வழி.